தாத்தா சட்டை, பேரன் கால், பேப்பர்ல பொய்

அமெரிக்காவுல பழைய பிக்கப் பைத்தியங்கள் ஒரு பெரிய கூட்டமாவே இருக்காங்க. இவங்களுக்கு ரொம்பப் பிடிச்ச விளையாட்டு, 1947–55 செவர்லே பிக்கப்போட பாடியைக் கழட்டி எஸ்-10 சேசிஸ் மேல உக்கார வைக்கிறது. எஸ்-10 அதே செவர்லேவோட சின்ன பிக்கப். 1982 மாடல்லேர்ந்து 2004 மாடல் வரைக்கும் வந்துச்சு. மேல பார்த்தா தாத்தா, கீழ குனிஞ்சு பார்த்தா பேரன் :)

முதல்லயே சொல்லிடறேன், பாடி மாத்துறதை நான் எதிர்க்கலை. 'சரித்திரத்தையே கொன்னுட்டான்'னு ஒப்பாரி வைக்கிற ஒரிஜினல் கோஷ்டியிலயும் நான் இல்லை. அந்தப் பழைய வண்டியில நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், நாலுக்கும் சேர்த்து ஒரே ஹைட்ராலிக் சர்க்யூட். எங்கயாவது ஒரு குழாய் புட்டுக்கிச்சுன்னா நாலும் காலி. எஸ்-10ல முன்னாடி டிஸ்க், சர்க்யூட்டும் ரெண்டு. மாத்துறதுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

என் சண்டையெல்லாம் மாத்தினதுக்கு அப்புறம் இவங்க அவிழ்த்து விடுற மூணு பொய்யோடதான்.

பொய் 1: 'ரெண்டு வீக்கெண்ட் வேலை பாஸ், போல்ட்டைக் கழட்டி மாட்டினா முடிஞ்சுது.' அரை டன் பழைய வண்டியோட வீல்பேஸ் 116 அங்குலம். நீளமான பெட்டி வச்ச எஸ்-10க்கு 117.9. கிட்டத்தட்ட ரெண்டு அங்குலம் இடிக்குது. சேசிஸ் அகலமும் கம்மி, சக்கரம் மட்கார்டுக்குள்ள ஒடுங்கி நிக்கும். கேபின் உக்கார்ற மவுண்ட் எல்லாம் புதுசா செஞ்சு வெல்டு வைக்கணும். அந்த வெல்டு விட்டா போறது பெயின்ட் இல்லீங்க, உசுரு.

பொய் 2: 'இப்ப இது மாடர்ன் வண்டி, குடும்பத்தோட பயமில்லாம போலாம்.' சேசிஸோட வந்தது பிரேக்கும் சஸ்பென்ஷனும் மட்டும்தான். மோதும்போது ஆளைக் காப்பாத்துற சமாச்சாரமெல்லாம், தோள்பட்டை பெல்ட் மாட்டுற தூண் உட்பட, கேபின்ல இருக்கு. அந்தக் கேபினைத்தான் நீங்க காயலான் கடையில போட்டுட்டீங்களே! மேல உக்காந்திருக்கிற 1950 கேபின் ஃபாக்டரியிலேர்ந்து வந்தப்ப சீட் பெல்ட்டே கிடையாது. பெட்ரோல் டேங்க் சீட்டுக்குப் பின்னாடி, கேபினுக்குள்ளயே. அன்னைக்கு 90 சொச்சம் குதிரைத்திறன்ல உருண்ட கேபின் இது. இன்னைக்கு 1990 எஸ்-10ல வந்த 4.3 லிட்டர் வி6ஓட 160 குதிரைத்திறன் அதை இழுக்குது. வேகம் ஏறிடுச்சு, கவசம் ஏறலை. பெல்ட்டும் அதைத் தாங்குற பட்டையும் வைக்காம புள்ளைங்களை ஏத்திக்கிட்டு ஹைவேல போறவரை என்னன்னு சொல்றது?

பொய் 3, இதுதான் பெருசு: 'பேப்பர்படி இது 1950 வண்டி.' பழைய வண்டியோட நம்பர், கேபின் கதவுத் தூண்ல ஒரு சின்னத் தகட்டுல இருக்கும். எஸ்-10 நம்பர் டேஷ்போர்டுல, அது கேபினோட போயாச்சு. அதனால கண்ணுக்குத் தெரியிற நம்பர் தாத்தாவோடது மட்டும்தான். வசதியாப் போச்சு! கலிஃபோர்னியாவுல 1975க்கும் அதுக்கு முந்தியும் வந்த பெட்ரோல் வண்டிக்குப் புகைச் சோதனை கிடையாது. 1990 வண்டிக்கு உண்டு. ஏன் சார், தாத்தா சட்டையைப் போட்டுக்கிட்டா பேரனுக்கு பென்ஷன் குடுப்பாங்களா?

'நம்பர் கேபின்ல இருக்கு, அப்ப கேபின்தான் வண்டி'ன்னு வாதம் பண்றவங்க உண்டு. எஞ்சின், கியர், ஆக்ஸில், பிரேக், ஸ்டியரிங் எல்லாம் ஒரு வண்டியோடது, நாலு தகரமும் ஒரு தகடும் இன்னொண்ணோடது. ஸ்பேர் பார்ட் வாங்கப் போறப்ப கடையில எந்த வருஷம்னு சொல்லுவீங்க? அதான் பதில்.

இதை வாங்குறவன் 1950 பேப்பரை நம்பிக் காசு குடுக்கிறான். விபத்துன்னு வந்தா இன்ஷூரன்ஸ்காரன் கேக்குற முதல் கேள்விக்கே அவன் முழிக்கணும். இத்தனைக்கும் பல மாநிலங்கள்ல 'ரீகன்ஸ்ட்ரக்டட்', 'அசெம்பிள்டு'ன்னு பதிவுல தனி வகையே வச்சிருக்காங்க. போய் உள்ளதைச் சொன்னா எழுதிக் குடுப்பாங்க. கொஞ்சம் அலைச்சல், அவ்வளவுதான். அதுக்குச் சோம்பல்பட்டு அடையாளத் தகட்டுலயே கை வச்சா, அமெரிக்க ஃபெடரல் சட்டப்படி 5 வருஷம் வரைக்கும் கம்பி எண்ணலாம்.

அது 1950ம் இல்லை, 1990ம் இல்லை. நீங்களே கையால செஞ்ச வண்டி. நிஜமாவே பெருமைப்பட வேண்டிய விஷயம் அது. அப்புறம் அதை மறைக்கிறதுக்கு எதுக்குங்க இவ்வளவு மெனக்கெடறீங்க?