எல்லாம் ஏவுகணைதான், ஆனால் எல்லாம் ஒன்றல்ல

ஏவுகணைச் சோதனை என்று டிவியில் செய்தி வந்தால் நாம் கேட்கும் ஒரே கேள்வி, "எத்தனை கிலோமீட்டர் போகும்?" கம்ப்யூட்டர் வாங்கப் போய், ஹார்ட் டிஸ்க் எத்தனை ஜிபி என்று மட்டும் கேட்டுவிட்டுப் பணத்தை நீட்டுவது போன்றது இது. கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று.

முதலாவது, எப்படிப் பறக்கிறது? அக்னி, பாலிஸ்டிக் வகை. முதல் சில நிமிடங்கள்தான் ராக்கெட் எஞ்சின் இயங்கும். பிறகு எறிந்த கல்லைப் போல உயரே போய், வளைந்து இலக்கில் இறங்கும். உயரத்தில் செல்வதால் தொலைவிலேயே ரேடாரில் தெரிந்துவிடும். பிரமோஸ், க்ரூஸ் வகை. எஞ்சின் உந்த, விமானம் போலக் காற்று மண்டலத்துக்குள்ளேயே பறக்கும். வழியில் திசை மாறும். தாழப் பறந்தால் ரேடாரில் சிக்குவது கடினம்.

இரண்டாவது, எங்கிருந்து ஏவப்படுகிறது? பிரமோஸைத் தரையிலிருந்தும் ஏவலாம், கப்பலிலிருந்தும் ஏவலாம், சுகோய் விமானத்திலிருந்தும் ஏவலாம்.

மூன்றாவது, எதற்காக? ஆகாஷ் தரையிலிருந்து பாய்ந்து விமானத்தை வீழ்த்தும். அஸ்திரா அதையே விமானத்திலிருந்து கிளம்பிச் செய்யும். நாக் டாங்கியை உடைக்கும்.

இதெல்லாம் ராணுவத்தின் கவலை, நமக்கு எதற்கு என்கிறீர்களா? 2005-ல் இந்தியாவும் பாகிஸ்தானும் ஓர் ஒப்பந்தம் செய்தன. பாலிஸ்டிக் ஏவுகணையைச் சோதிப்பதாக இருந்தால் குறைந்தது 3 நாள் முன்பே அடுத்த நாட்டுக்குச் சொல்லிவிட வேண்டும். ஆனால் க்ரூஸ் வகை அதில் சேர்க்கப்படவில்லை.

2022 மார்ச் 9 அன்று இந்தியாவின் பிரமோஸ் ஒன்று தவறுதலாகக் கிளம்பி, பாகிஸ்தானின் மியான் சன்னு அருகே விழுந்தது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. அது சோதனை அல்ல, விபத்து. எந்த ஒப்பந்தமும் அதைத் தடுத்திருக்காது என்பது உண்மைதான். ஆனால் ரேடார் முன் அமர்ந்திருப்பவரை நினைத்துப் பாருங்கள். வருவது சோதனையா, தவறா, தாக்குதலா? அவர் கையில் இருப்பது சில நிமிடங்களே. இரு நாடுகளிடமும் அணுகுண்டு இருக்கிறது. க்ரூஸ் சோதனைகளையும் முன்கூட்டியே சொல்லும் வழக்கம் இருந்தால், அந்த மூன்று சந்தேகங்களில் ஒன்றாவது குறையும்.

ஆகவே இரு நாடுகளும் அடுத்த முறை பேச உட்காரும்போது, க்ரூஸ் வகையையும் அந்த ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும். நாமும் அடுத்த சோதனைச் செய்தி வரும்போது, கிலோமீட்டரோடு நிறுத்தாமல் மற்ற மூன்று கேள்விகளையும் கேட்டுப் பார்ப்போமே!