பழைய பை மண்ணைக் கொட்டாதீர்கள்

தக்காளி காய்த்து ஓய்ந்ததும் பையைத் தெருவோரம் கவிழ்த்துவிட்டு, புதுச் செம்மண்ணுக்கு ஆள் அனுப்புவது மாடித் தோட்டக்காரர்களிடமும் சில நர்சரிகளிலும் வழக்கமாகிவிட்டது. அந்த மண் வானத்திலிருந்து விழுவதில்லை. திருவள்ளூர் மாவட்டத்து ஏரிகளிலும் மேட்டு நிலங்களிலும் அள்ளிய மண்தான் லாரியில் போகிறது.

பழைய மண் செத்த மண் அல்ல. சத்து குறைந்திருக்கும், நார்க்கழிவு மக்கி மண் அமுங்கியிருக்கும், அவ்வளவுதான். சித்திரை வெயிலில் வேரைப் பொறுக்கிவிட்டு மண்ணைப் பரப்பி, நனைத்து, நிறமில்லாத பாலித்தீன் தாளால் 4 முதல் 6 வாரம் மூடி வையுங்கள். கருப்புத் தாள் அந்த அளவு சூடேற்றாது. பிறகு மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மக்கிய தொழுவுரம், கொஞ்சம் வேப்பம் பிண்ணாக்கு, டிரைகோடெர்மா விரிடி சேர்க்கலாம். மூடும் முன்பே டிரைகோடெர்மாவைப் போட்டால் அதுவும் வெந்துவிடும், காசுதான் வீண்.

வேரில் முடிச்சு கண்ட மண்ணில் உடனே தக்காளி, கத்தரி, வெண்டை வேண்டாம். ஒரு போகம் செண்டுமல்லி வையுங்கள். மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் உவர்நீர் பாய்ச்சி வெள்ளை பூத்த மண் என்றால், ஐப்பசி மழையில் திறந்து வைத்து அடியில் நீர் வடியவிட்டால் உப்பு இறங்கும்.

பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலில் ஆடி மாதம் பக்தர்கள் உடுத்திக் களையும் வேப்பிலை குவியல் குவியலாகச் சேர்கிறது. பூ, பிளாஸ்டிக்கோடு கலக்காமல் அதைத் தனியே மக்கவைத்தால் இந்த மண்ணுக்கு நல்ல உரம். அறநிலையத் துறையும் ஊராட்சியும் தோட்டக்கலைத் துறையும் பேசி, வரும் ஆடிக்குள் ஒரு மக்குக் குழியாவது வெட்டட்டும்.