பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகு



பெரிய சத்திரசிகிச்சை முடிந்து ஒரு குழந்தை வீட்டுக்கு வந்தால் நம் ஊர்களில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வீரமுனை, சம்மாந்துறை, கல்முனை எங்கும் ஒன்றுதான். அன்று மாலையே முற்றம் நிறைந்துவிடும். பிஸ்கட்டும் தோடம்பழமும் வந்து குவியும். ஒருவர் பிள்ளையைத் தூக்குவார், இன்னொருவர் கன்னத்தில் முத்தம் கொடுப்பார். எல்லாம் அன்புதான். ஆனால் உறுப்பு மாற்றப்பட்ட குழந்தைக்கு அந்த அன்பை வேறு விதமாகக் காட்ட வேண்டும். இம்மாதம் அதைப் பற்றிப் பேசுவோம்.

தமிழ்நாட்டுக் காஞ்சிபுரத்தைச் சேர்ந்த சஞ்சய் கந்தசாமி என்ற குழந்தை பித்தநாளம் அடைபட்ட நோயுடன் பிறந்தது. பித்தம் வெளியேற வழியின்றி ஈரல் கெட்டுப்போகும் நோய் அது. பிறந்து இரண்டு வாரம் கழிந்தும் செங்கண்மாரி தெளியாமல், மலம் வெளிறிப் போனால் அது இந்த நோயாக இருக்கக்கூடும். அப்படியானால் ஒரு நாளும் தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். சஞ்சய்க்கு இரண்டு வயது நிறையும் முன்பே, 1998 நவம்பரில், டில்லி அப்பல்லோ வைத்தியசாலையில் தந்தையின் ஈரலில் ஒரு பகுதி பொருத்தப்பட்டது. இந்தியாவில் ஒரு குழந்தைக்கு வெற்றிகரமாக நடந்த முதலாவது ஈரல் மாற்று சத்திரசிகிச்சை அது. அந்தக் குழந்தை பிற்காலத்தில் மருத்துவம் படித்து வைத்தியரானார்.

சத்திரசிகிச்சை ஒரு நாளில் முடிந்தது. அதற்குப் பிறகு வந்த ஆண்டுகள்தான் எத்தனை! அத்தனை நாளும் அந்தப் பிள்ளை வளர்ந்தது வீட்டில் அல்லவா?

உலகில் முதன்முதலில் மனிதருக்கு ஈரல் மாற்றியவர் அமெரிக்காவின் வைத்தியர் தோமஸ் ஸ்டார்ஸல். 1963இல், இதே நோயுள்ள மூன்று வயதுக் குழந்தைக்கு அவர் அதைச் செய்தார். குழந்தை பிழைக்கவில்லை. 1967இல் ஒரு குழந்தை ஓராண்டுக்கு மேல் வாழ்ந்தது. நிலைமையை உண்மையில் மாற்றியவை பின்னர் வந்த மருந்துகள். முதலில் சைக்ளோஸ்போரின் வந்தது. பிறகு ஜப்பானின் சுக்குபா என்னும் இடத்து மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து 1984இல் டக்ரோலிமஸ் கண்டெடுக்கப்பட்டது. இன்று உறுப்பு மாற்றப்பட்ட பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் உட்கொள்வது இதைத்தான்.

இந்த மருந்து ஏன் வேண்டும்? நம் உடம்பில் காவல்காரர்கள் இருக்கிறார்கள். கிருமியை விரட்டுவது அவர்கள் வேலை. புதிதாக வந்த ஈரலையும் அவர்கள் அந்நியனாகவே பார்ப்பார்கள். அவர்களை அடக்கி வைப்பதுதான் மருந்தின் வேலை. ஆறு மாதம், ஒரு வருடம் போனதும் பிள்ளை கொழுகொழுவென்று இருக்கும். அப்போது வீட்டுப் பெரியவர் ஒருவர் சொல்வார்: "பிள்ளை நல்லாத்தானே இருக்கு, இன்னும் எதுக்கு இந்த மருந்து?" ஆபத்தான பேச்சு இதுதான். பிள்ளை நன்றாக இருப்பதே அந்த மருந்தினால்தான். நிறுத்தினால் வெளியே ஒன்றும் தெரியாமலே உள்ளே ஈரல் கெடத் தொடங்கும்.

ஆகவே வீட்டில் ஒரு மணிக்கூடு பிள்ளைக்கென்றே ஓடட்டும். பெரும்பாலும் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மருந்து. நோன்பு மாதத்தில் வீட்டின் நேரமெல்லாம் மாறும், கோயில் திருவிழாவிலும் மாறும். பிள்ளையின் மருந்து நேரம் மாறக்கூடாது. ஒரு வேளை தவறினால் அடுத்த வேளை இரட்டிப்பாகக் கொடுக்காதீர்கள். மருந்தைச் சத்தி எடுத்துவிட்டால் கிளினிக்கைக் கேளுங்கள். வயிற்றோட்டம் வந்தாலும் சொல்லுங்கள், அப்போது குருதியில் மருந்தின் அளவு கூடிவிடும்.

கிளினிக் போகும் நாளில் ஒரு விஷயம். மருந்தின் அளவு பார்க்கும் குருதிப் பரிசோதனைக்கு முன் காலை மருந்தைக் கொடுக்கக்கூடாது. குருதி எடுத்த உடனே கொடுக்க வேண்டும். கொழும்புக்கு இரவு பஸ் ஏறும்போது மருந்தைக் கைப்பையில் வையுங்கள், சாமான் பெட்டியில் வேண்டாம்.

காவல்காரர்களை அடக்கினால் கிருமிக்கு வழி திறக்கும். ஆகவே தடிமன், இருமல் உள்ளவர்கள் படலைக்கு வெளியே நின்று சுகம் விசாரிக்கட்டும். உள்ளே வருபவர்கள் சவர்க்காரம் போட்டுக் கை கழுவட்டும். காய்ச்சல் என்றால் பனடோல் கொடுத்துக் காத்திருக்காமல் அன்றே காட்டுங்கள். கொப்புளிப்பான் உள்ள வீட்டுக்குப் பிள்ளை போய்விட்டால், பொக்களம் வரும்வரை பார்த்திருக்காதீர்கள். உடனே போனால் தடுக்க வழியுண்டு. சின்னமுத்து போன்றவற்றுக்கான உயிர்த் தடுப்பூசிகளை வைத்தியர் சொல்லாமல் இந்தப் பிள்ளைக்குப் போடக்கூடாது. வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளின் ஊசிகளோ தவறக்கூடாது. வாயில் விடும் போலியோ சொட்டு மருந்துக்கு முன் மட்டும், இப்படி ஒரு பிள்ளை வீட்டில் இருப்பதைத் தாதியிடம் சொல்லுங்கள். கஷாயமும் நாட்டு மருந்தும் கேட்காமல் வேண்டாம். பம்பளிமாசு பழம் டக்ரோலிமஸின் அளவைக் குழப்பும். தண்ணீர் கொதித்தாறியதாக இருக்கட்டும்.

இனி, தாயைப் பற்றி. ஈரலைக் கொடுத்தவளே தாயாக இருந்தால், வெட்டிய காயம் ஆறும்வரை பல வாரங்களுக்குத் தன் பிள்ளையைத் தானே தூக்க முடியாது. பிள்ளை கை நீட்டி அழ, அவள் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்த நேரத்தில் அம்மம்மாவோ மூத்தம்மாவோ பிள்ளையைத் தூக்கி அவள் மடியில் வைத்தால் அதுதான் பெரிய உதவி. ஈரல் சில மாதங்களில் பெரும்பாலும் பழைய அளவுக்கு வளர்ந்துவிடும். தாயின் களைப்பு அவ்வளவு சீக்கிரம் போகாது. இரவு மருந்தைத் தகப்பன் பொறுப்பெடுக்கட்டும். மருந்தின் பெயரும் அளவும் எழுதிய கொப்பியை வீட்டில் இன்னொருவருக்கும் வாசிக்கத் தெரிய வேண்டும்.

மூத்த பிள்ளையை மறந்துவிடாதீர்கள். மாதக்கணக்கில் உறவினர் வீட்டில் நின்ற பிள்ளை அது. "தம்பிக்குக் கிட்டப் போகாதே" என்பதை மட்டும் கேட்டால் அதன் மனம் என்ன பாடுபடும்? கை கழுவிவிட்டுத் தம்பியின் கையைப் பிடித்திருக்கச் சொல்லுங்கள். நாளில் அரை மணி நேரம் அதற்கென்று ஒதுக்குங்கள்.

பிள்ளை வளர வளர மருந்தின் பெயரை அதற்கே சொல்லிக் கொடுங்கள். கூட்டாளிகளோடு சேர்ந்து திரியும் பதின்ம வயதில்தான் பலர் மருந்தை விடுகிறார்கள். ஐந்து வயதில் தன் மருந்தை அடையாளம் காணும் பிள்ளை, பதினைந்து வயதில் அதை விடுவது குறைவாக இருக்கும்.

உங்கள் தெருவில் இப்படி ஒரு வீடு இருந்தால் பிஸ்கட் பெட்டியை விடுங்கள். ஒரு நேரச் சோறு சமைத்துப் படலையில் கொடுங்கள். மூத்த பிள்ளையைப் பள்ளிக்கூடம் கூட்டிப் போங்கள். அந்தத் தாய் ஒரு மணி நேரம் நிம்மதியாகக் கண்ணயரட்டும்.

அடுத்த இதழில் சந்திப்போம்.