கட்டடத்தின் கரிமக் கணக்கை வட்டத்தில் அடைக்காதீர்கள்

கட்டடக்கலை படிக்கும் நாங்கள் இப்போது வடிவமைப்புடன் சேர்த்து வாழ்நாள் சுழற்சி மதிப்பீட்டையும் ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. மூலப்பொருளைத் தோண்டுவதில் தொடங்கி, கட்டுவது, பயன்படுத்துவது, கடைசியில் இடிப்பது வரை ஒரு கட்டடம் எவ்வளவு கரியமில வாயுவுக்குக் காரணமாகிறது என்ற கணக்கு அது. எந்தத் தூண், எந்தத் தளம் அதிகச் சுமை என்று முப்பரிமாண மாதிரியில் நிறம் பூசிக் காட்டும் மென்பொருள்கூட இருக்கிறது. ஆனாலும் படைப்பின் கடைசிப் பக்கத்தில் பெரும்பாலும் வந்து உட்காருவது ஒரு வட்ட விளக்கப்படம்: கட்டுமானத்துக்கு இவ்வளவு, 60 ஆண்டு மின்சாரத்துக்கு இவ்வளவு.

அந்த வட்டத்தின் மேல்தான் எனக்குக் கோபம். அதில் காலமே தெரிவதில்லை.

சிமெண்டை எடுத்துக்கொள்ளுங்கள். உலகக் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறக்குறைய 8 விழுக்காடு சிமெண்ட் உற்பத்தியால் வருகிறது. அதில் பாதிக்கும் மேற்பட்டது, சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுடும்போது கல்லுக்குள்ளிருந்தே வெளியேறுவது. முதல் குடும்பம் சாவி வாங்குவதற்கு முன்பே அது காற்றில் கலந்துவிடுகிறது. மின்சாரத்தின் கதை வேறு. 2050க்குள் நிகர சுழிய வெளியேற்றம் என்று சிங்கப்பூர் இலக்கு வைத்திருக்கிறது. அதை நோக்கி நகர நகரக் குளிரூட்டியின் பங்கும் குறையும். நடந்து முடிந்ததையும் இனிமேல் குறையக்கூடியதையும் ஒரே பீட்சாவின் இரு துண்டுகளாகக் காட்டினால் பார்ப்பவருக்கு என்ன புரியும்?

அந்த 60 ஆண்டும் ஓர் அனுமானம்தான். 1976ல் கட்டி முடிக்கப்பட்ட பேர்ல் பேங்க் அடுக்குமாடிக் கட்டடம் 2018ல் ஒட்டுமொத்தமாக விற்கப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்டது. ஐம்பதைக்கூடத் தொடவில்லை. ஒரு கட்டடத்தைக் கட்டச் சதுர மீட்டருக்கு 600 கிலோ கரியமில வாயு வெளியானதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 60 ஆண்டுக்கு வகுத்தால் ஆண்டுக்கு 10 கிலோ. 40 ஆண்டில் இடித்துவிட்டால் 15.

வட்டத்துக்குப் பதிலாக நான் கேட்பது ஒரு கோடு. கிடை அச்சில் ஆண்டு, செங்குத்து அச்சில் சேர்ந்துகொண்டே போகும் கரிமம். புதுக் கட்டடத்தின் கோடு தொடக்கத்திலேயே சுவர்போல் எழும்பி, பிறகு மெல்ல ஏறும். பழைய கட்டடத்தைப் புதுப்பித்தால் கோடு தாழ்வாகத் தொடங்கும். மின்சாரம் கூடுதலாகச் செலவானால் சற்று வேகமாக ஏறும். இரண்டும் எந்த ஆண்டில் சந்திக்கின்றன என்று பார்த்தால், இடித்துக் கட்டியது எப்போது ஈடாகும் என்பது பள்ளி மாணவருக்கும் விளங்கும். அந்த ஆண்டு வருவதற்குள் புதியதையும் இடித்துவிட்டால்? 1973ல் கட்டப்பட்ட கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ் 2021ல் பாதுகாக்கப்படும் கட்டடமாக அறிவிக்கப்பட்டபோது, அதன் வரலாற்றைப் பற்றி நிறையப் பேசினோம். இந்தக் கோட்டையும் பக்கத்தில் வைத்துப் பேசியிருக்கலாம்.

வடிவமைப்பின் முதல் வாரத்தில் எண்கள் துல்லியமாக இருக்காதே என்பார்கள். உண்மைதான். அதற்கேற்பக் கோட்டை அகலமான பட்டையாக வரையலாம். நிலத்தடி வாகன நிறுத்துமிடம் வேண்டுமா, பழைய தூண்களை வைத்துக்கொள்ளலாமா என்பதெல்லாம் அந்த வாரத்தில்தான் முடிவாகிறது.