தொட்டி இருக்க அண்டா எதற்கு?



குருவிகுளத்தில் எங்கள் வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டும். அந்தக் குழாயை அடைத்துவிட்டு, கீழே ஓர் அண்டாவை வைத்து, தெருவிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றினால் ஊர் சிரிக்காதா? நம்ம ப்ராஜெக்ட்களில் அதைத்தான் செய்கிறோம்.

ஒவ்வொரு எழுத்துக்கும் டிஸ்க்கைத் தட்டினால் வேகம் போய்விடும். அதனால் மெமரியில் கொஞ்சம் சேர்த்துவைத்து மொத்தமாக எழுதுவார்கள். சேர்த்துவைக்கும் அந்த இடம்தான் பஃபர். சி மொழியின் எஃப்-ரைட் இந்த வேலையைத் தானாகவே செய்கிறது. இது தெரியாமல் போன செமஸ்டரில், ஊர்ப் பால் கணக்கு ப்ராஜெக்ட்டுக்கு நானே 4096 பைட்டில் ஒரு பஃபர் கட்டினேன். நிறைந்ததும் எழுதச் சொன்னவன், கடைசியில் அரைகுறையாக நிற்பதை எழுதச் சொல்ல மறந்துபோனேன். வைவாவில் லிஸ்ட்டைத் திறந்தால் கடைசிப் பத்துப் பேரைக் காணோம். அதில் எங்க பெரியம்மாவும் ஒருத்தி!

நான்தான் மடையன் என்று நினைத்தேன். அப்புறம்தான் ஜிகோவ் பற்றிப் படித்தேன். ஜிசிசி கம்பைலரோடு வரும் கருவி அது. நம் ப்ரோக்ராமில் எந்த வரி எத்தனை முறை ஓடியது, எது ஓடவே இல்லை என்று காட்டும். ப்ரோக்ராம் முடியும்போது அந்த எண்ணிக்கை ஒரு ஃபைலில் பதிவாகும். இதற்காக அதுவும் சொந்தமாக ஒரு பஃபர் வைத்திருந்தது. கூத்து என்னவென்றால், செட்பஃப் போட்டு லைப்ரரியின் பஃபரை அணைத்தும் வைத்திருந்தது. தொட்டிக் குழாயை அடைத்த கதைதான்! 2021-ல் அந்தச் சொந்த பஃபரை நீக்கி, லைப்ரரி பஃபரிடமே வேலையை ஒப்படைத்தார்கள்.

லைப்ரரி பஃபர் சர்வரோக நிவாரணி அல்ல. ப்ரோக்ராமைப் பாதியில் கொன்றால் அதில் நிற்பதும் போய்விடும். எஃப்-ஃப்ளஷ் போட வேண்டிய இடத்தில் போடத்தான் வேண்டும். ஆனால் ஒழுங்காக முடிகிற ப்ரோக்ராமில், மீதியை அதுவே எழுதி ஃபைலை மூடிவிடும்.

நம் கோபம் வேறு. ரிக்கார்டு நோட்டின் கனத்தைப் பார்த்து மார்க் போட்டால் எவன்தான் வரியைக் குறைப்பான்? சீனியரின் கோடை அப்படியே இறக்கி, மேலே நாலு ஃபங்ஷன் சேர்ப்பதுதான் நடக்கிறது. "எதை எடுத்தாய், ஏன் எடுத்தாய்?" என்று வைவாவில் ஒரு கேள்வி கேட்கச் சொல்லி நம் சங்கம் துறையிடம் பேச வேண்டும். அதற்கும் மார்க் வேண்டும்.

பால் கணக்கில் என் பஃபரை எடுத்துவிட்டேன். 60 வரி போச்சு. பெரியம்மா பேர் வந்துவிட்டது.