பேன்பூண்டு செய்த கலாட்டா

கொல்லையில் தானாக முளைத்த பூண்டைப் பிடுங்கி எறியுமுன் அதன் முகத்தை ஒரு தரமாவது உற்றுப் பார்த்ததுண்டா, சகோதரிகளே? பொய் சொல்வானேன், நான் பார்த்ததில்லை.

அமெரிக்காவில், மெய்ன் ராஜ்யத்தில், கேட் பர்பிஷ் என்ற அம்மையார் பார்த்தார். கலியாணம் செய்துகொள்ளாதவர். அந்த ராஜ்யத்துச் செடிகள் அத்தனையையும் வர்ணச் சித்திரமாகத் தீட்டிவிடுவதென்று சங்கற்பம். காடும் சேறுமாக அலைந்தார். 1880-இல் செயின்ட் ஜான் நதிக்கரையில், சீப்புப் பல் போன்ற இலையும் தலையில் மஞ்சள் பூங்கொத்துமாக ஒரு செடி அவர் கண்ணில் பட்டது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத செடி! தாவர நிபுணர் ஸெரெனோ வாட்ஸன் அதற்கு அம்மையாரின் பெயரையே சூட்டினார். 'பர்பிஷ் பேன்பூண்டு' என்பார்கள். (இந்த ஜாதிச் செடியை மேய்ந்தால் ஆடுமாடுகளுக்குப் பேன் பிடிக்கும் என்று ஒரு காலத்தில் நம்பினார்களாம். பெண்மணியின் பெயருக்குப் பக்கத்திலா பேனைக் கொண்டுவந்து உட்கார வைப்பது!)

பிறகு பல வருஷங்கள் அது யார் கண்ணிலும் படவில்லை. பூண்டற்றுப் போயிற்று என்றே முடிவு கட்டிவிட்டார்கள். 1976-இல் அந்த நதியில் மின்சார அணை கட்டுவதற்காகக் கரையை ஆராயப் போன இடத்தில், "இதோ இருக்கிறேன்!" என்று எட்டிப் பார்த்தது. ஒரு களைக்காக அணையை நிறுத்துவதா என்று கேலி செய்தவர்கள் அநேகம். ஆனாலும் 1978-இல் அதற்குச் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது. 1986-இல் அணைத் திட்டமே ரத்தாயிற்று. பூண்டு ஒன்றே அதைச் சாதித்தது என்றால் மிகை. செலவும், காடு மூழ்குமே என்ற எதிர்ப்பும் சேர்ந்துகொண்டன.

செடியின் குடித்தனத்தைக் கேளுங்கள். குளிர்காலத்தில் நதி உறைந்துவிடும். வசந்தத்தில் பனிப்பாளங்கள் உடைந்து, பண்டிகைக்கு வீடு ஒழிப்பதுபோல் கரையைச் சுரண்டிக்கொண்டு ஓடும். பேன்பூண்டும் அதில் அடிபட்டுப் போகும். ஆனால் நிழல் கவிக்கும் புதர்களும் போய்விடுவதால், வெறுந்தரையில் அதன் விதைகள் முளைக்கும். பூப்பதற்கு மூன்று வருஷமாவது வேண்டும். சுரண்டலே இல்லாவிட்டால் புதர் மூடிவிடும். அடிக்கடி சுரண்டினாலோ பூக்க அவகாசமில்லை. அணை வந்திருந்தால் இந்தக் கணக்கே தப்பியிருக்கும். போதாததற்கு, பக்கத்துச் செடிகளின் வேரிலிருந்தும் ஆகாரத்தை உறிஞ்சிக்கொள்ளும் சாமர்த்தியசாலி!

2023-இல் 'அழியும் அபாயம்' என்ற ஜாபிதாவிலிருந்து ஒரு படி கீழே இறக்கியிருக்கிறார்கள். ஆனால் குளிர்காலம் சூடேறி வருவதால் பனிப்பாளங்களின் முறை தவறுமோ என்ற கவலை தீரவில்லை.

அம்மையார் தம் சித்திரங்களை 1908-இல் போடன் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டார். ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன.