கடாரம் கொண்டோம், சரி. பிறகு?

ஆடித் திருவாதிரை வந்துவிட்டால் என் வாட்ஸ்அப் முழுக்க ராஜேந்திர சோழன்தான். "கடாரம் கொண்டவன் பரம்பரைடா" என்று எறையூர்ப் பிள்ளைகளும் மீசையை முறுக்குகிறார்கள். கங்கைகொண்ட சோழபுரம் நமக்குப் பக்கத்து மாவட்டம், பெருமை இருக்கட்டும். ஆனால் அந்தக் கடாரத்தை நேரில் பார்த்துவிட்டு வந்தவன் என்ற முறையில் நான் ஒன்று சொல்ல வேண்டும்.

ஓய்வு பெற்ற பிறகு மலேசியாவில் இருக்கும் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன. அங்கே உள்ள கெடா மாநிலம்தான் பழைய கடாரம். பூஜாங் பள்ளத்தாக்கில் பழைய கோயில்களின் கல் அடித்தளங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, "வாங்க மாமா, நம்ம ஆளுங்க கட்டின யுனிவர்சிட்டியையும் பார்த்துடலாம்" என்று செமிலிங்குக்கு அழைத்துப் போனார்கள். 2001-இல் தொடங்கிய ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் அது. ம.இ.கா.வின் கல்வி அமைப்பு கட்டியது. நான் போனபோது புதுக்கருக்கு மாறவில்லை. மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் வெள்ளைக் கோட்டோடு தமிழில் பேசிக்கொண்டு போனார்கள்.

யார் இவர்கள்? பலருடைய பாட்டன் பூட்டன், திருச்சி, தஞ்சாவூர், சேலம் பக்கத்திலிருந்து கங்காணி கூட்டிப்போன ரப்பர்த் தோட்டக் கூலிகள். 1971-க்குப் பின் வந்த ஒதுக்கீட்டு முறையில் அரசுப் பல்கலைக்கழக இடம் அவர்களுக்குக் குதிரைக்கொம்பானது. 1996-இல் தனியார் பல்கலைக்கழகத்துக்குச் சட்டம் வழிவிட்டதும் சொந்தமாக ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள்.

இந்தக் குணம் அவர்களுக்குப் புதிதல்ல. 1950-களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று 'தமிழ் முரசு' கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி. பால்மரம் சீவியவர்களும் கொடுத்தார்கள்.

"அரசியல்வாதி கட்டியதுதானே, கட்டணம் வாங்குகிறார்கள்தானே?" என்பீர்கள். ஆமாம். டத்தோ சாமிவேலு மீது விமர்சனம் உண்டு. தனியார் படிப்புக்குப் பணமும் வேண்டும். ஆனாலும் ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்கென்று நிற்கும் ஒன்றைக் கட்டியிருக்கிறது.

நாம் என்ன செய்தோம்? கும்பாபிஷேகம் என்றால் தலைக்கட்டு வரி போடுகிறோம். கடன் வாங்கியாவது கட்டாத வீடு கிடையாது. நானும் கட்டியிருக்கிறேன், சாமி குற்றம் சொல்ல வரவில்லை. ஆனால் கல்லூரியில் இடம் கிடைத்தும் முதல் வருடப் பணத்துக்கு அப்பன் கரும்பு நிலத்தை அடகு வைக்கும்போது, அதே ஊர் வேடிக்கை பார்க்கிறது. அந்தப் பிள்ளைக்கு ஒரு தலைக்கட்டு வரி போட்டதாக எந்த ஊரிலாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

ராஜேந்திரன் 1025-இல் கடாரத்தை வென்றான். அங்கேயே பள்ளிக்கூடம் கட்டி உட்கார்ந்தவர்கள் கூலிகளின் பேரப்பிள்ளைகள். மீசை முறுக்க வேண்டுமென்றால் அவர்கள் முறுக்கட்டும்.

அடுத்த ஊர்க்கூட்டத்தில் நான் இதைப் பேசப்போகிறேன். தலைக்கட்டுக்கு நூறு ரூபாய், வருடத்துக்கு ஒரு பிள்ளை. முதல் நூறு என்னுடையது.